தலை தேய்ந்த ஆணியும் முறிந்த போல்ட்டும்: எஞ்சின் துளையைக் காப்பாற்றிக் கழற்றும் முறை

பைக் எஞ்சின் கவரைப் பிடித்திருக்கும் எம் 6 (6 மில்லிமீற்றர் தடிப்பு) ஆணி ஒன்றின் விலை ஒரு பிளேன்ரீக் காசு. அது ஏறியிருக்கும் அலுமினியத் துளையின் மரை போனால் கிராங்க் கேஸே, அதாவது எஞ்சினின் அடி உடம்பே, போனதற்குச் சமம். ஆணியை வெட்டலாம், துளைக்கலாம், தலையைக் கொய்யலாம்; கடையில் இன்னொன்று கிடைக்கும். துளை அப்படிக் கிடைக்காது. கீழே சொல்லும் வேலைகளை இந்தக் கணக்கை வைத்துத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். துளைக்கு ஆபத்துக் குறைந்தது முதலில், கூடியது கடைசியில். அவசரத்தில் வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள்.

என் கராஜ் இலங்கையின் வடக்கே வன்னியில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுப் பக்கம். வயல்காரரின் பைக்கும் கடல்காரரின் பைக்கும் ஒரே வாசலால் வருகிற இடம். வயல் பைக்கில் செம்மண் புழுதியும் ஒயிலும் சேர்ந்து ஆணித் தலையின் குழிக்குள் சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும். கடல் பைக்கின் கதை வேறு. பின் கரியரில் மீன் பெட்டி. ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் செயின் கவரிலும் சைலன்சர் போல்ட்டிலும் நாள் முழுக்கச் சொட்டும். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அந்த இடம் ஒரு சின்ன பற்றரி போல வேலை செய்யும். அதில் தின்னப்படுவது அலுமினியம். தின்னப்பட்ட அலுமினியம் வெள்ளைப் பொடியாகி, முன்பு இருந்ததைவிடக் கூடிய இடத்தை எடுத்து, மரைக்குள் ஆப்பு அடித்தது போல நிற்கும். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தண்ணீருக்குள் நின்ற பைக்குகளில் இதைத்தான் அடுத்த இரண்டு மூன்று வருடமும் பார்த்தேன். வெளியே துடைத்துப் பளபளவென்று இருக்கும். ஆணியில் கை வைத்தால்தான் தெரியும்.

வன்னிக்கென்றே இன்னொரு வகையும் உண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஹொண்டாக்கள்: சி.டி. 125, சி 90, எம்.டி. 90. அந்த நாளில் சரியான ஆணி கிடைக்காவிட்டால் கிடைத்த ஆணியைத்தான் ஏற்றினார்கள். அப்படி ஓடிய பைக்கில்தான் நோயாளியையும் கர்ப்பிணியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆகவே அதை ஒருநாளும் பிழையான வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் எம் 6 துளைக்குள் கால் அங்குல போல்ட் இருப்பதை இன்றும் காண்கிறேன். வேணியரில் அளந்தால் 5.9 மில்லிமீற்றர் வரவேண்டிய இடத்தில் 6.3 காட்டும். அப்படி ஒன்று அகப்பட்டால், கழற்றிய பிறகு அந்தத் துளையில் எம் 6 பிடிக்காது என்று முதலே தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

கை வைக்க முன்

பெற்றோல் ராங்கைக் கழற்றித் தூர வையுங்கள். பின்னால் சூடு காட்ட வேண்டி வரலாம், ஒட்டு (வெல்டிங்) அடிக்க வேண்டி வரலாம். அந்த நேரத்தில் ராங்கைக் கழற்ற ஒருவருக்கும் நினைவு வராது.

ஆணித் தலையின் குழியைக் கூரான கம்பியால் கிண்டி, மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு உலோகம் தெரியும்வரை கழுவுங்கள். டிரைவரின் முனை குழியின் அடிவரை இறங்காவிட்டால் அது மேல் விளிம்பில் மட்டும் பிடித்து வழுக்கும். தேய்ந்த தலைகளில் பாதிக்கு மேல் மண்ணால் தேய்ந்தவைதான்.

ஒரு கடதாசி மட்டையில் கவரின் வடிவத்தைக் கீறி, கழற்றுகிற ஆணியை அதே இடத்தில் குத்தி வையுங்கள். ஒரே கவரில் மூன்று நீளத்தில் ஆணி இருக்கும். நீளம் மாறிப் போனதால் முறிந்த ஆணிகளும் வெடித்த கேஸ்களும் நிறைய.

சரியான டிரைவர்

நாங்கள் எல்லாரும் 'ஸ்டார் டிரைவர்' என்று ஒரே பேரில் சொல்வதில் இரண்டு சாதி இருக்கிறது. கடையில் பரவலாகக் கிடைப்பது பிலிப்ஸ். ஜப்பான் பைக்குகளின் ஆணித் தலை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவில் வெட்டப்பட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிலிப்ஸ் முனை ஜே.ஐ.எஸ். குழிக்குள் முழுதாக இறங்காது. விசை கூடினதும் மேலே ஏறி வெளியே வரும், வரும்போது குழியின் மூலைகளைச் சீவிக்கொண்டு வரும். ஜே.ஐ.எஸ். ஆணித் தலையில் பல நேரம் ஒரு சின்னப் புள்ளி குழிந்திருக்கும். அதைக் கண்டால் ஜே.ஐ.எஸ். முனையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பிலிப்ஸ் முனையின் கூரைக் கிரைண்டரில் அரை மில்லிமீற்றர் அளவுக்கு மழுக்கினால் நன்றாக இறங்கும்.

அளவும் முக்கியம். காபரேற்றரின் சின்ன ஆணிகளுக்கு 2 ஆம் நம்பர். எஞ்சின் கவரின் எம் 6 ஆணிகளுக்கு 3 ஆம் நம்பர். கையில் இருக்கிறதே என்று 2 ஆம் நம்பரால் கவர் ஆணியைத் திருகுவதுதான் எங்கள் ஊரில் நடக்கும் முதல் பிழை.

இந்த வேலைக்கு ஒரே ஒரு சாமான் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவரை வாங்குங்கள். பின்பக்கத்தில் சுத்தியலால் அடித்தால் முனை உள்ளே அமுங்கியபடியே கொஞ்சம் திரும்பும். அமுக்கமும் திருப்பமும் ஒரே கணத்தில் சேர்வதால் வழுக்க இடமில்லை. அடியின் அதிர்விலேயே துரு வெடிக்கும். இடப்பக்கம் திருப்பும் நிலையில் வைத்து, கையால் இடப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, அரைக் கிலோச் சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. பயந்து பயந்து பத்துத் தரம் தட்டினால் தலைதான் கெடும். ஆனால் கவரின் அடியில் தாங்கல் இல்லாத மெல்லிய காதுகளில் இதைப் பாவிக்கக் கூடாது. அலுமினியக் காது விண்டு விழும்.

பிந்தி வந்த இந்தியப் பைக்குகள் பலவற்றில் கவர் ஆணிகள் 8 ஸ்பானர் தலையோடு இருக்கும். அதற்கு ஆறு மூலைச் சொக்கற்றே போடுங்கள். பன்னிரண்டு மூலைச் சொக்கற் மூலையில் மட்டும் பிடித்து வட்டமாக்கிவிடும்.

சுற்றுகிறதா, முறுகுகிறதா

எனக்கு வேலை பழக்கியவர் என் பெரியப்பா. ஒரு நாள் சி.டி. 125 ஒன்றின் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) பக்க போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பானர் கால் சுற்று வந்தது. சந்தோஷத்தில் இன்னும் இழுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தவர், எழும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

"விடு தம்பி. அது சுத்தேல்லை, முறுகுது."

ஸ்பானரை விட்டேன். அது மெதுவாக, தானாகவே, வந்த வழியில் கொஞ்சம் திரும்பிப் போனது. அடியில் மரை அசையவே இல்லை. போல்ட்டின் உடம்புதான் முறுகி நின்றது. இன்னும் ஒரு இழுவை இழுத்திருந்தால் முறிந்திருக்கும்.

இதை உங்கள் கைக்குப் பழக்குங்கள். விடுபடுகிற போல்ட் "டிக்" என்று ஒரு சத்தம் தரும், அதன் பிறகு பாரம் குறையும். முறியப் போகிற போல்ட் சத்தம் தராது. றப்பர் மாதிரி இழுபடும், பாரம் கூடாமலும் குறையாமலும் போய்க்கொண்டே இருக்கும். அந்த றப்பர் உணர்வு வந்த கணமே நிறுத்துங்கள். நிறுத்தி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் திருப்புங்கள். பிறகு கழற்றும் பக்கம் ஒரு நூல். இப்படி முன்னும் பின்னுமாக அசைத்தால் வெள்ளைப் பொடி நொறுங்கி வழி விடும்.

ஊற வைத்தலும் சூடும்

டபிள்யூ.டி. 40 கடைகளில் கிடைக்கிறது. அதைவிட நன்றாக ஊறுவது ஓட்டோமற்றிக் கியர் ஒயிலும் அசிற்றோனும் சம பங்கு கலந்த கலவை. பாவிக்குமுன் குலுக்க வேண்டும், பெயின்ற்றிலும் பிளாஸ்ரிக்கிலும் படவிடக் கூடாது. பின்னேரம் விட்டு, ஒரு தட்டுத் தட்டி, இரவு ஊறவிட்டு, காலையில் திரும்ப விடுங்கள். தட்டுவது முக்கியம், அதிர்வு இல்லாவிட்டால் ஒயில் மேலேயே நிற்கும்.

ஊறலுக்கு அசையாவிட்டால் சூடு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே துளையும் ஆணியும் சேர்ந்து சூடானாலும் துளைதான் கூடப் பெருக்கும். எம் 6 துளையில் 100 பாகைக்குக் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பொடியின் பிடியை உடைக்க அது போதும். சுடரை ஆணியில் காட்டாதீர்கள்; ஆணியைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் வட்டமாக ஓட்டுங்கள். விரலை நனைத்து ஒரு துளி தண்ணீரைத் தெறித்துப் பாருங்கள். சூடான தோசைக்கல்லில் போலத் துளி துள்ளி ஓடினால் காணும். அதற்கு மேல் போனால் பக்கத்தில் இருக்கும் ஒயில் சீலும் ஓ ரிங்கும் கருகும். அலுமினியம் உருகுமுன் இரும்பு மாதிரிச் சிவக்காது. நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் உருகி ஒழுகின பிறகுதான் தெரியும்.

ஊற வைத்த ஒயில், அசிற்றோன், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்ட பிறகே நெருப்பு. சூடு இருக்கும்போதே ஆணித் தலையில் மெழுகுதிரியைத் தொட்டுப் பிடித்தால் உருகிய மெழுகு மரைக்குள் இழுபட்டுப் போகும். ஒயில் போக மறுத்த இடத்துக்கும் அது போகும்.

தலை தேய்ந்துவிட்டால்

சற்றே தேய்ந்த தலை என்றால், வால்வ் தேய்க்கும் பேஸ்ற்றைக் கொஞ்சம் டிரைவர் முனையில் பூசிப் பாருங்கள். அதிலுள்ள கரடுமுரடான துணிக்கைகள் பிடி கொடுக்கும். றப்பர் பட்டியை வைத்துத் திருகுவது கதவுப் பிணைச்சல் ஆணிக்குச் சரி, எஞ்சின் ஆணியின் இறுக்கத்துக்குத் தாங்காது.

தலை உருண்டையாக வெளியே நின்றால், கூர் மழுங்காத சின்ன உளியை விளிம்பில் செங்குத்தாக வைத்து ஒரு வெட்டு வெட்டுங்கள். பிறகு உளியைச் சரித்து, கழற்றும் பக்கமாக அந்த வெட்டில் தட்டுங்கள். பழைய மேசன் வேலை போலத் தெரியும். ஆனால் கவர் ஆணிகளில் என் கையால் அதிகம் வெளியே வந்தது இப்படித்தான்.

அலன் தலை (ஆறு மூலைக் குழி உள்ளது) வட்டமானால், 5 மில்லிமீற்றர் அலன் குழிக்குள் ரி 30 டோர்க்ஸ் முனையை அடித்து இறக்குங்கள். 6 மில்லிமீற்றர் குழிக்கு ரி 40. ஆறு முனையும் மழுங்கிய சுவரில் புதிதாக வெட்டிப் பிடிக்கும். அந்த ஆணியைத் திரும்பப் பாவிக்க முடியாது. பாவிக்கவும் வேண்டாம்.

இவை ஒன்றும் சரிவராவிட்டால் தலையைக் கொய்யுங்கள். பலர் இதற்குப் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, நான்கு ஐந்து முயற்சியில் மூலையை எல்லாம் கெடுப்பதைவிட இது பாதுகாப்பு. ஸ்டார் குழியின் நடுவே 3 மில்லிமீற்றர் முனையால் வழி போட்டு, பிறகு 6 மில்லிமீற்றர், தேவையென்றால் 6.5. தலையின் உயரம் அளவுக்கு மட்டும், அதாவது ஏறத்தாழ 4 மில்லிமீற்றர்; முனையில் ரேப் சுற்றி அடையாளம் வையுங்கள். தலை வளையமாகக் கழன்று முனையோடு சுற்றத் தொடங்கும். அப்போது நிறுத்துங்கள். மற்ற ஆணிகளையும் எடுத்துவிட்டுக் கவரைக் கழற்றினால் தலையில்லாத ஆணி ஒரு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தலை போனதும் இழுவிசையும் போய்விட்டது. வைஸ் கிரிப்பால் (கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் குறடு) பிடித்தால், சில நேரம் வெறும் விரலாலேயே, சுழன்று வரும்.

ஒன்று மட்டும்: தலை சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை என்றால் மரை ஏற்கெனவே போய்விட்டது. தலைக்கு அடியில் மெல்லிய தட்டை டிரைவரைச் செருகி மேலே நெம்பிக்கொண்டு திருப்புங்கள். வந்துவிடும், ஆனால் துளை திருத்தாமல் பூட்ட முடியாது.

முறிந்து போனால்

முறிந்த இடம் வெளியே கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் இரு பக்கமும் தட்டையாக்கி வைஸ் கிரிப்பால் பிடிக்கலாம், அல்லது ஹக்சோ தகட்டால் மேலே காடி வெட்டித் தட்டை டிரைவரைப் போடலாம். முன்பு சொன்ன சூடும் மெழுகும் இங்கேயும் வேண்டும். ஏன் முறிந்தது? இறுகியிருந்ததால்தானே. அந்த இறுக்கம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மட்டத்தோடு முறிந்தால் எனக்குப் பிடித்த வழி நட்டை ஒட்டுவது. முறிந்த எம் 6 இன் மேல் எம் 8 நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள்ளால் ஒட்டை நிரப்புவது. மிக் ஒட்டு இருந்தால் சுகம். சாதாரண ஒட்டு என்றால் 2.5 மில்லிமீற்றர் குச்சி. இரும்பு ஒட்டு அலுமினியத்தில் பிடிக்காது, ஆகவே துளைச் சுவரில் தெறித்தாலும் உரிந்து வரும். இதன் பெரிய நன்மை நட்டு கிடைப்பது மட்டுமல்ல. முறிந்த துண்டு உள்ளே நெருப்பாகி விரிந்து, ஆறும்போது சுருங்கி, தன் துருவைத் தானே உடைக்கிறது. சிவப்பு நிறம் மறையும்வரை பொறுத்து, மெழுகு தொட்டு, ஸ்பானரை முன்னும் பின்னுமாக அசையுங்கள். நட்டு பிய்ந்து வந்தால் மனம் தளரவேண்டாம். திரும்ப ஒட்டுங்கள். மூன்றாம் நான்காம் தரத்தில் வந்தவை எத்தனையோ.

ஒட்டுக்கு முன் பற்றரி வயரைக் கழற்றி, சி.டி.ஐ. பெட்டியின் (பிளக்குக்குப் பொறி தரும் மின்பெட்டி) சொக்கற்றையும் உருவிவிடுங்கள். ஏர்த் கிளிப்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே எஞ்சினில் போடுங்கள். தூரத்தில் போட்டால் மின்சாரம் பெயாரிங்குக்குள்ளால் போய்க் குண்டுகளைச் சுடும்.

துளைத்து எடுப்பது

ஒட்டு வசதி இல்லை, அல்லது துண்டு ஆழத்தில் முறிந்து கிடக்கிறது என்றால் துளைக்கத்தான் வேண்டும். துளைக்கு ஆபத்தான வேலை இங்கேதான் தொடங்குகிறது. காரணம் எளிது. இரும்பு கடினம், சுற்றியிருக்கும் அலுமினியம் மென்மை; முறிந்த முகம் சரிவாக இருக்கும்; டிரில் முனை எப்போதும் மென்மையான பக்கம் சரியும். சரிந்தால் பாதி இரும்பிலும் பாதி அலுமினியத்திலும் துளை விழும்.

1. முறிந்த முகத்தைச் சின்னக் கிரைண்டிங் கல்லாலோ அரத்தாலோ தட்டையாக்குங்கள். கிராங்க் கேஸ் திறந்திருந்தால் வாய்களை எல்லாம் துணியால் அடையுங்கள்.

2. நடுவை அடையாளமிடுங்கள். கண் மட்டம் போதாது. கடைச்சல் பட்டறையில் சொல்லி, வெளி விட்டம் கவர்த் துளைக்குள் இறுக்கமாக இறங்கும் அளவிலும் உள்ளே 3 மில்லிமீற்றர் ஓட்டையுமாக ஒரு புஷ் கடைந்து வாங்குங்கள். கவரைத் திரும்பப் பூட்டி அந்தப் புஷ்ஷை உள்ளே இறக்கினால் டிரில் முனைக்கு நடுவைத் தவிர வேறு வழி இல்லை. இந்த ஒரு புஷ் பத்து எஞ்சினுக்கு உதவும்.

3. முனை புதிதாக, கூராக இருக்க வேண்டும். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பலத்தின் குறி அடித்திருந்த போல்ட் என்றால் கோபால்ட் முனை. மெதுவான சுற்று, ஒயில் துளி, அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலைத் துடைத்தல். முனையில் கிரீஸ் பூசினால் சீவல் ஒட்டிக்கொண்டு வரும். இடக்கை டிரில் முனை கிடைத்தால் பொன். துளைக்கிற திசையே கழற்றுகிற திசை என்பதால் பல நேரம் துண்டு தானாகவே ஏறி வரும்.

4. எம் 6 இல் 3 மில்லிமீற்றர் ஓட்டை நடுவில் விழுந்ததும் திரும்பச் சூடு காட்டி, எக்ஸ்ராக்டரை (முறிந்த துண்டைக் கவ்வித் திருப்பும் முனை) மெதுவாகத் தட்டி இறக்கித் திருப்பிப் பாருங்கள். எம் 8 க்கு 4.5 முதல் 5 மில்லிமீற்றர் ஓட்டை.

5. வராவிட்டால் விசையைக் கூட்டாதீர்கள். ஓட்டையைப் படிப்படியாக 5 மில்லிமீற்றர் வரை பெருப்பியுங்கள் (எம் 8 க்கு 6.8). நடு சரியாக இருந்தால் இரும்பு மரையின் சுருள் மட்டும் துளைச் சுவரில் ஒட்டி நிற்கும். கூர்க்கம்பியால் நுனியைப் பிடித்து இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி உரிந்து வரும். பிறகு எம் 6 டப்பால் (மரை வெட்டும் கருவி) ஒருதரம் துடைத்து எடுங்கள்.

நான்காம் படியில் ஒரு நிமிடம் நிற்கிறேன். எக்ஸ்ராக்டர் மிகக் கடினமான, ஆனால் கண்ணாடி போல் நொறுங்கும் உருக்கு. அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் முனை அதைத் தொடாது. தொடங்கிய காலத்தில் எம்.டி. 90 ஒன்றின் ஹெட்டில் எனக்கு அது நடந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் ஏற்றிவரும் ஒருவருடைய பைக். அடுத்த நாள் விடிய அவர் கரைக்குப் போகவேண்டும். அவசரத்தில் சூடு காட்டாமல் குளிரிலேயே திருகினேன். சின்னக் "கிளிக்". முனை துளைக்குள், கைபிடி என் கையில். அந்த ஹெட்டை நான் மாற்றிக் கொடுத்தேன், அவருக்கு நான்கு நாள் உழைப்பு போனது. எக்ஸ்ராக்டரை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பக்கூடிய டப் கைபிடியில் மட்டுமே போடுங்கள். ஸ்பானர் போடவேண்டி வந்தால் அது வராது என்று அர்த்தம்.

கழற்றி எடுத்த வெறும் அலுமினியக் கவருக்குள் டப்போ எக்ஸ்ராக்டரோ முறிந்தால் இன்னும் ஒரு வழி உண்டு: சீனக்காரம். கிணற்றுத் தண்ணீர் தெளியப் போடுகிற அதே கல்லு. பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் சூடான தண்ணீரில் கரையும் மட்டும் கரைத்து, கவரை அமிழ்த்திச் சூட்டைக் காத்தால் உருக்கு கறுத்துக் கரையத் தொடங்கும், குமிழி வரும். அலுமினியத்துக்குப் பெரிதாகக் கேடில்லை. ஒரு முழு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். கவரில் இருக்கும் பெயாரிங், டவல் பின், ஸ்பிரிங் எல்லாம் முதலே கழற்றப்பட வேண்டும், அவையும் கரையும். ஹெட்டில் இதைச் செய்யாதீர்கள், வால்வ் சீற் இருக்கிறது. கதவு யன்னல் திறந்த இடத்தில் வையுங்கள்.

சைலன்சர் ஸ்ரட்

இது தனிச் சொல்லுக்கு உரியது, ஏனென்றால் அதிகம் முறிவது இதுதான். ஸ்ரட் என்றால் தலையில்லாத, இரு நுனியிலும் மரையுள்ள போல்ட். சின்னப் பைக்குகள் பலவற்றில் எம் 6 ஸ்ரட், 10 ஸ்பானர் நட்டு. ஒவ்வொரு ஓட்டத்திலும் சூடாகி ஆறி, நட்டும் ஸ்ரட்டும் ஒன்றாகிவிடும். நட்டைத் திருகினால் ஸ்ரட் ஹெட் மட்டத்தில் முறியும்.

ஆகவே நட்டைத் திருகாதீர்கள். வெட்டுங்கள். நட்டின் ஒரு பக்கத்தை மரைக்குப் பக்கமாக ஹக்சோவாலோ சின்னக் கிரைண்டராலோ அறுத்து, அந்தக் காடியில் உளியை வைத்து ஒரு தட்டு. நட்டு பிளந்து விழும், ஸ்ரட் முழுதாக நிற்கும். நட்டு ஒன்றை இழந்து ஹெட்டைக் காப்பாற்றினீர்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கிப் பிறகு ஸ்ரட்டைக் கழற்றுவது நல்லது. கையுறை போடுங்கள்.

துளையைத் திருத்துதல்

எல்லாம் வெளியே வந்த பிறகு ஒரு ஈர்க்கைத் துளைக்குள் விட்டு ஆழம் பாருங்கள். பழைய ஆணி எவ்வளவு இறங்கியிருந்தது என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அடியில் தொடாத நல்ல மரை இருந்தால் கொஞ்சம் நீளமான ஆணியே போதும். அலுமினியத்தில் ஆணி விட்டத்தின் ஒன்றரை மடங்காவது, அதாவது எம் 6 க்கு 9 மில்லிமீற்றர், மரை பிடிக்க வேண்டும்.

நல்ல மரை இல்லாவிட்டால் ஹெலிகொயில், அதாவது புது மரையாக நிற்கும் உருக்குச் சுருள். எம் 6 க்கு 6.3 மில்லிமீற்றர் துளை, அதற்கென்றே உள்ள பெரிய டப், பிறகு உருக்குச் சுருளை முகத்திலிருந்து கால் முதல் அரைச் சுற்று உள்ளே போகும்படி திருகி இறக்கி, அடியிலுள்ள நாக்கை முறித்து எடுப்பது. நாக்கு கிராங்க் கேஸுக்குள் விழுந்துவிடாமல் பாருங்கள். சரியாகப் போட்ட ஹெலிகொயில் புது எஞ்சினின் அலுமினிய மரையைவிடப் பலமானது. பிற்காலத்தில் அந்தத் துளையைப் பற்றிக் கவலையே இல்லை. தடைக் காலக் கால் அங்குலத் துளைகளைத் திரும்ப எம் 6 ஆக்க இதுதான் வழி. ஹெலிகொயிலும் பிடிக்க முடியாத அளவுக்குத் துளை அகன்றிருந்தால் கடைச்சல் பட்டறையில் மரை வெட்டிய புஷ் அடிப்பிக்கலாம். துளைக்குள் எப்பொக்சி பசை நிரப்பி மரை வெட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒயில் சூட்டில் அது தாங்காது.

பூட்டும்போது

துளைக்குள் ஒயிலோ தண்ணீரோ நிற்கவிடாதீர்கள். அடி மூடிய துளையில் திரவம் இருக்க ஆணியைத் திருகினால், திரவம் அமுங்காது, கேஸ் வெடிக்கும். ஊதிக் காயவிடுங்கள்.

கடல் பக்கம் ஓடும் பைக் என்றால் ஆணி மரையில் கொப்பர் கிரீஸ் மெல்லிதாகப் பூசுங்கள். பூசின ஆணி வழமையைவிட இலகுவாக இறுகும். ஆகவே வழமையான விசையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். எம் 6 கவர் ஆணிக்கு வழமை ஏறத்தாழ 10 நியூட்டன் மீற்றர். 10 சென்ரிமீற்றர் நீளப் பிடியின் நுனியில் 10 கிலோ அமுக்கினால் வருவது அவ்வளவுதான். நீளக் கைபிடி ராச்செற் இந்த வேலைக்குத் தேவையில்லை. எம் 8 க்கு 20 முதல் 25. எல்லா ஆணியையும் கையால் அடிவரை ஏற்றிவிட்டு, பிறகு குறுக்கும் மறுக்குமாக இரண்டு தரத்தில் இறுக்குங்கள். கையால் மூன்று சுற்றுக்கூட ஏறாத ஆணிக்கு ஸ்பானரைப் போடாதீர்கள், அது மரை மாறி ஏறுகிறது.

துளைத்த எஞ்சின் என்றால் பழைய ஒயிலை வடித்து, மலிவான ஒயில் அரை லீற்றர் விட்டு, ஓடவிடாமல் கிக்கரால் இருபது முப்பது தரம் சுற்றி அதையும் வடித்துப் பாருங்கள். விரலிடுக்கில் தேய்க்கும்போது மினுங்கும் துகள் தட்டுப்பட்டால் இன்னொரு தரம். சுத்தமாக வந்த பிறகு நல்ல ஒயில் விட்டு, இரவில் எஞ்சினின் அடியில் ஒரு பழைய பேப்பரை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் அதில் பொட்டு ஒன்றும் இல்லையென்றால் பைக்காரருக்கு அழைப்பு எடுக்கலாம். நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒருதரம் கொண்டுவரச் சொல்லி, திருத்திய ஆணியை மட்டும் கையால் தொட்டுப் பாருங்கள்.